நாலாவது டேக்

அழைப்பிதழ் இரண்டாக வந்தது. ஒன்று எனக்கு, இன்னொன்று ‘உடன் வருபவருக்கு’. அப்படி ஒருவர் எனக்கு இருக்கிறாரா என்று விழாக்குழு கேட்கவில்லை. இருந்தே தீருவார் என்று அவர்களாக முடிவு செய்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

என் முகம் உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, “இருபத்து நாலு மணி நேரம் போனாதான் எதையும் சொல்ல முடியும்” என்று சொல்லிவிட்டுப் போவாரே ஒருவர், அது நான்தான். நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் இயக்குநர் கையில். சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது மட்டும் என் பொறுப்பு. வயிறு முன்னால் வந்து முடி பின்னால் போனதும் சீனியர் டாக்டராகப் பதவி உயர்வு கிடைத்தது. தெருவில் எல்லோருக்கும் நான் டாக்டர்தான். எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் மாத்திரை அட்டையை நீட்டி, “இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார்.

“அக்கா, நான் நடிகன்.”

“அது தெரியாதா எனக்கு? சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க.”

அட்டையைத் திருப்பிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, மருந்துக்கடையில் கேட்கச் சொன்னேன். அவருக்குப் பரம திருப்தி.

இப்படிப்பட்டவனுக்குத்தான் சிறந்த துணை நடிகர் பட்டியலில் இடம் கிடைத்திருந்தது. அந்தப் படத்தில் எனக்கு ஸ்டெதாஸ்கோப் இல்லை. கதாநாயகனின் அப்பா. மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பாட்டு நீளம் வராது. கடைசிக் காட்சியில் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். அப்பாவுக்கு வசனம் கிடையாது. மகனின் தோள்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவி, மூடியை இறுக்கி, திரும்ப வைக்கிறார். அவன் நகரும்போது மறுபடி உருவி, இன்னொரு தடவை இறுக்குகிறார். அந்த இரண்டாவது தடவை விரல் லேசாக வழுக்குகிறது. மகன் போகிறான். அவ்வளவுதான். இதற்குத்தான் தியேட்டரில் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

இதற்கு விருது தரலாமா கூடாதா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். முடிதிருத்தும் கடையிலும் அதே பேச்சு.

“தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்,” என்றார் கடைக்காரர், என் கன்னத்தில் சோப்பு தடவியபடி. “நீங்க அதுல நடிக்கவே இல்ல. அதனாலதான் நல்லா இருக்கு.”

காத்திருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். “நடிக்காதவருக்கு எதுக்குங்க நடிப்பு அவார்டு? அந்த இன்னொரு படத்துல சீக்காளி அண்ணனா ஒருத்தர் வர்றாரே, அவருக்குக் குடுங்க. பாவம், எலும்பும் தோலுமா எளச்சிருக்காரு மனுஷன்.”

“எளச்சா அவார்டா? அப்ப என் மச்சானுக்குக் குடு, போன வருஷம் டைபாய்டுல பாதியாயிட்டான்,” என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

“நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்? உங்களுக்குக் குடுக்கலாமா?” என்று கடைக்காரர் கேட்டார்.

கழுத்தில் கத்தி இருக்கும்போது நான் யாரோடும் வாதம் செய்வதில்லை.

என் கருத்தை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. நான் கேட்க விரும்பியது ஒரே ஒருவரின் கருத்தை. என் மகள். வேறு நேரத்தில் விடியும் ஊரில் இருக்கிறாள். முட்டி தேய்ந்தவர்களை நடக்கப் பழக்குவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வெக்கறேன். அவள் அம்மா இருந்தவரை போன் முதலில் அம்மாவிடம் போய்த்தான் எனக்கு வரும், அதுவும் பேசி முடித்து சூடான பிறகு. இப்போது நேராக வருகிறது. நேராக வந்தும் எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

அந்த ஞாயிறு துணிந்து கேட்டேன். “ரெண்டு சீட்டு குடுத்திருக்காங்க பாப்பா. அவார்டு ஃபங்ஷனுக்கு. வர்றியா?”

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

“படம் பாத்தேன்பா.”

“எப்போ? சொல்லவே இல்ல?”

“ரொம்ப நாளாச்சு.”

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். நடிகன் புத்தி. வீடு பற்றி எரிந்தாலும் வெளிச்சம் நம் முகத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கும்.

“அது அம்மா.”

யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் என் மனைவி அழமாட்டாள். அவர்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியை இறுக்குவாள். நான் வெளியூர் படப்பிடிப்புக்குப் போகும்போதும் அப்படித்தான். ஓட்டல் அறையில் அந்த மூடியைத் திறக்க முடியாமல் கதவிடுக்கில் வைத்துத் திருகியிருக்கிறேன். கடைசியாக மகள் லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது, என் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி பாட்டிலைக் கேட்டாள். இறுக்கிக் கொடுத்தாள். மகள் கதவுவரை போனதும் மறுபடி கூப்பிட்டு வாங்கி இறுக்கினாள். கையில் வலு இல்லை, விரல் வழுக்கியது. விமான நிலையம் போகும் வழியில் பாட்டில் ஒழுகி மகளின் மடியெல்லாம் ஈரம்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நிஜ டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப வேகமாகக் கழற்றுகிறார், இரண்டு நொடி நிறுத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“அப்பா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் பாப்பா.”

“ஒண்ணு மட்டும் சொல்லு. அது தானா வந்துச்சா, யோசிச்சுப் பண்ணியா?”

“அது வந்து…”

“தானா வந்துச்சுன்னா நான் வரேன். டிக்கெட் நானே போட்டுக்கறேன். அம்மாவே வந்து செஞ்சாங்கன்னு நெனச்சுக்குவேன். யோசிச்சுப் பண்ணிருந்தேன்னா, அவங்க அங்க படுத்துக் கெடக்கறப்ப நீ பக்கத்துல உக்காந்து பாடம் படிச்சிருக்கேன்னு அர்த்தம்.”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“இப்ப சொல்லாத. நல்லா நெனச்சுப் பாத்துட்டு சொல்லு. பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவேன். உன் நடிப்ப நான் பால் குடிக்கற வயசுலேர்ந்து பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டு நினைத்துப் பார்த்தேன். முதல் டேக் தானாகத்தான் வந்தது. சத்தியமாக. இயக்குநர், “ஒண்ணும் பண்ணாதீங்க சார், அவன் போறதப் பாருங்க, போதும்” என்றார். பாட்டில், பையில் சும்மா செருகி வைத்திருந்த பொருள். என் கை போய் அதை எடுத்தது. கட் சொன்னபோது ஏன் எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் ஃபோகஸ் பார்க்கும் தம்பி, அழாத குறையாக, “சார், சாரி சார், அவுட் ஆயிடுச்சு” என்றார். நான் கை நீட்டுவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

“அதே மாதிரி இன்னொண்ணு போயிரலாம் சார்,” என்றார் இயக்குநர். கன்டின்யூட்டி பார்க்கும் பெண் வந்தாள். முதலில் செய்ததை அடுத்த டேக்கிலும் அச்சுப் பிசகாமல் செய்யவைப்பது அவள் வேலை. “சார், எடது கைல பாட்டில், வலது கைல மூடி. ரெண்டு சுத்து. வெச்சிட்டு, அவர் நகர்ந்ததும் மறுபடி. சரியா சார்?” என்று செய்து காட்டினாள். என் மனைவி செய்ததை நான் செய்து, நான் செய்ததை இந்தப் பெண் எனக்கே கற்றுக்கொடுத்தாள். செய்தேன். மறுபடி செய்தேன். மறுபடியும்.

ஆனால் படத்தில் எதைப் போட்டார்கள்? லேசான மங்கல்தானே, பரவாயில்லை என்று முதல் டேக்கையே போட்டிருந்தால்? போட்டிருந்தால் நான் மகளிடம் உண்மையையே சொல்லலாம். அவள் வருவாள்.

மறுநாள் மேட்னி ஷோவுக்குப் போனேன். டிக்கெட் கிழிப்பவர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். “சார், இது எத்தனாவது தடவ? உங்க மூஞ்சிய வீட்டுக் கண்ணாடியில ஓசியாவே பாக்கலாமே?”

“அங்க க்ளோசப் சரியா வரல.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஏற்கெனவே பல தடவை வந்திருப்பது உண்மைதான். என் முகத்தைப் பார்க்க வந்ததில்லை. என் கைகளை அவ்வளவு பெரிதாக வேறெங்கே பார்ப்பது? அந்த ஒரு காட்சிக்காக மீதிப் படம் முழுக்க, கார் துரத்தல் உட்பட, பொறுமையாக உட்கார்ந்திருப்பேன். அன்றும் பார்த்தேன். எந்த டேக் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது கண்டுபிடிக்க விரும்பவில்லை. கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தேன். மங்கல் திரையிலா என்னிடமா என்றும் தெரியவில்லை.

அதனால் எடிட்டரைத் தேடிப் போனேன். ஜன்னலே இல்லாத ஒரு அறையில் பிஸ்கட் டப்பாவோடு வாழ்கிற பெண் அவர். என்னை அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் கதவைத் திறந்ததும், “வாங்க சார், வாங்க! உங்க மூஞ்சியோட ரெண்டு மாசம் குடித்தனம் பண்ணிருக்கேன். எடது கண்ணு கொஞ்சம் சின்னது உங்களுக்கு, தெரியுமா?” என்றார்.

“என் சம்சாரம் சொல்லுவா.” அவளுக்குப் பிறகு அதைக் கவனித்த முதல் ஆள் இவர்தான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

“அந்த பாட்டில் சீன்… எந்த டேக்மா போட்டீங்க?”

“நாலு. சந்தேகமே இல்ல சார், நாலுதான். மொத டேக் சுத்தமா அவுட். ரெண்டும் மூணும் ஓகே. நாலுல என்ன ஒரு வேல பண்ணிருக்கீங்க!” திரையில் இரண்டையும் மூன்றையும் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். மூன்று நான்கள், ஒரே நேரத்தில் ஒரே பாட்டிலை ஒரே மாதிரி இறுக்கினோம். “பாருங்க சார், மெஷின் மாதிரி! ஒரு ஃப்ரேம் முன்ன பின்ன இல்ல. நாலுல மட்டும், இதோ… இந்த வெரல் ஸ்லிப் ஆவுது பாருங்க. இதுக்குத்தான் சார் ஊரே அழுவுது. இது ரெண்டுலயும் மூணுலயும் கெடையாது.”

கிடையாதுதான். முதல் டேக்கில்கூடக் கிடையாது. மூன்றாவது முடிந்ததும் இயக்குநர், “நல்லா இருக்கு சார், ஆனா ஏதோ ஒண்ணு கொறையுது” என்றார். என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில் குறைகிறது. போய் எடுத்துவந்து போட்டேன். எந்த நொடியில் வழுக்க வேண்டும், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது, கட்டைவிரல் மறைக்காமல் இருக்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் போட்டேன். கட் சொன்னதும் கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாகச் செய்தோம் என்று இருந்தது. அன்று படப்பிடிப்புச் சாப்பாட்டை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

“மொத டேக் இருக்குமாம்மா?”

“இருக்கும். எதுக்கு சார், ஒண்ணும் தெரியாது.”

போட்டார். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தது. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகூடத் தெரிந்தது. அதன் முன்னால் வெளுத்த உருவம் ஒன்று, தோள் சற்றுக் குனிந்து, எதையோ எடுத்தது, திருகியது, வைத்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. வயதும் சொல்ல முடியாது. மறுபடி எடுத்தது. திருகியது.

“இத எனக்கு அனுப்ப முடியுமா?”

எடிட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தோடு குடித்தனம் செய்தவர் அல்லவா, ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிறு வரை காத்திருக்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தாள். பக்கத்தில் யாரோ இருமும் சத்தம்.

“மொத தடவ தானா வந்துச்சு பாப்பா. அது ஃபோகஸ் அவுட். படத்துல இருக்கறது நாலாவது டேக். அது யோசிச்சுப் பண்ணினது.” நிறுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். “அந்த வெரல் வழுக்கறதும்தான். அது நான் சேத்தது.”

பஸ் எங்கேயோ நின்று, ஆள் ஏற்றி, கிளம்பியது.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“அவ்ளோ கரெக்டா வந்துச்சுன்னா, அவங்கள அவ்ளோ நல்லா பாத்திருக்க நீ. நான் என்னமோ நீ அவங்கள பாக்கறதே இல்லன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது.

“பாத்திருக்கேல்ல? அழ முடியாமத்தான் அப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சிருக்கேல்ல? அப்ப ஏன்பா ஒரு தடவகூட அந்த பாட்டில அவங்க கைலேர்ந்து வாங்கி வெக்கல?”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அந்த மொத டேக்க அனுப்பு,” என்றாள். அனுப்பினேன். விழாவுக்கு முந்தின நாள் பதில் வந்தது, குரல் பதிவாக: “அப்பா, யார் என்ன சொன்னாலும் அவார்டு உனக்குத்தான் குடுக்கணும். அது நடிப்புதான். ரொம்ப நல்ல நடிப்பு. ஆனா அதுக்குக் கை தட்ட என்னால வர முடியாது. கோச்சுக்காத. அந்தக் கறுப்பு கோட்டு போடாத, வயிறு தெரியும்.”

சாம்பல் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். விழா அரங்கில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. விளக்கு அணையும் நேரத்தில், பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி வந்து தயங்கி நின்றார்.

“சார், இது காலிதானே? காலியா இருந்தா கேமராவுல அசிங்கமா இருக்குமாம். அதுக்குன்னே எங்களை வரச் சொல்லிருக்காங்க. எந்திரிச்சுப் போற ஆளுங்க எடத்துல எல்லாம் மாத்தி மாத்தி உக்காரணும்.”

“உக்காருங்கம்மா.”

உட்கார்ந்ததும் முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் குனிந்து, “டிவில பாக்கறவங்க நான் உங்க வீட்டம்மான்னு நெனச்சுக்குவாங்க. பரவால்லையா சார்?” என்றார்.

“உங்க வீட்ல ஏதும் சொல்லாம இருந்தா சரி.”

“எங்க வீட்டுக்காரரா? அவரு டிவி போட்டதுமே தூங்கிருவாரு.” சிரித்தார். “நீங்க டாக்டர்தானே சார்? நீங்க வந்து சொன்னா அந்தப் பேஷன்ட் கண்டிப்பா செத்துருவாங்கன்னு எங்க வீட்ல பந்தயம் கட்டுவோம்.”

எங்கள் பிரிவு வந்தது. பெயரைப் படித்தார்கள். என் பெயர். அந்த அம்மா என்னைவிட முன்னால் எழுந்து நின்று கை தட்டினார். வாங்கின கூலிக்கு அவ்வளவு தேவையில்லை.

மேடையில் ஏறினேன். எனக்கு முன்னால் வாங்கியவர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். விருதைக் கையில் கொடுத்ததும் தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். “சார், எல்லார் மனசுலயும் இருக்கற கேள்வி இது. அந்த பாட்டில் சீனுக்கு யார் சார் இன்ஸ்பிரேஷன்?”

அரங்கம் அமைதியானது. நல்ல அமைதி; எந்த நடிகனும் விடமாட்டான். பெரிய திரையில் என் முகம், சின்ன இடது கண்ணோடு. இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எங்கே நிறுத்த வேண்டும், குரல் எந்தச் சொல்லில் உடைய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தொண்டைவரை வந்துவிட்டது.

“டைரக்டர் சொன்னாரு, பண்ணினேன்,” என்றேன். “நன்றி.”

சிரித்தார்கள், தட்டினார்கள். கீழே இயக்குநர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பாவம், அவர் அப்படி எதையும் சொல்லவே இல்லை. மறுநாள் பேப்பரில் என் தன்னடக்கத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதினார்கள். நான் இருக்கைக்குத் திரும்பியபோது அந்த அம்மாவை வேறு வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த நாள் மத்தியானம் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு விடிந்துகொண்டிருந்தது. ஞாயிறுகூட இல்லை.

“பாத்தேன்பா. பக்கத்துல யாரு?”

“காலி சீட்டுக்கு வந்தவங்க.”

“நல்லா கை தட்டினாங்க.”

“ஆமா. நல்ல மாதிரி.”

“ஏன் அம்மாவ சொல்லல?”

“சொல்லிருந்தா நல்லா சொல்லிருப்பேன் பாப்பா.”

“ம்,” என்றாள். பிறகு, “அந்த மொத டேக்க டெய்லி பாக்கறேன். அதுல அம்மா மொகம் தெரியுதுப்பா.”

“அது என் மொகம்மா.”

“தெரியும். நீ கொஞ்சம் சும்மா இரு.”

சும்மா இருந்தேன். “வேலைக்கு நேரமாச்சா? வெக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“கெளம்பணும். நீ வெக்காத.”

போனை எங்கோ மேசைமேல் வைத்தாள். குழாய் திறந்து மூடும் சத்தம் வந்தது. அலமாரிக் கதவு. எதையோ தேடினாள், கிடைக்காமல் வாய்க்குள் திட்டினாள், கிடைத்தது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. பிறகு சாவி, பூட்டு, படிகள். தெரு வந்தது, அங்கே குளிர்போல, வேகமாக மூச்சுவிட்டாள். பஸ் வந்து நின்று கதவு திறந்தபோது, “சரிப்பா,” என்றாள்.

“சரிம்மா,” என்றேன்.